உட்காரச் சொன்ன கை

என் ஆசை நைனாவுக்கு,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இந்தப் பதினாலு மாதமும் நான் ஒருவரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதிலுக்கு அம்மாவும் ஒன்று சொன்னாள். இரண்டையும் உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நைனா என்று கூப்பிடுவதை ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று ஒரு நாள் பள்ளி வாசலில் உன்னை "அப்பா" என்று கூப்பிட்டேன். நீ திரும்பியே பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு, "வேற யாரோ கூப்டறாங்கன்னு நெனச்சேன் பாப்பா" என்றாய். அதிலிருந்து உனக்கு நைனாதான். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய நர்ஸிடம்கூட "நைனா" என்றுதான் சொன்னேன். அந்தப் பெண் வேறு ஊர்க்காரி போலிருக்கிறது. நைனா என்பது உன் பெயர் என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டாள்.

உன் சாவைப் பற்றி இங்கே ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. பெண் வாலிபால் ஃபைனலில் ஜெயித்ததைக் கண் குளிரப் பார்த்தாயாம், அந்தச் சந்தோஷத்திலேயே உயிர் போய்விட்டதாம். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "கொடுத்து வெச்ச சாவு" என்றார்கள். மண்ணூர்பேட்டையில் உன் லேத் பட்டறை முதலாளி என் தலையில் கை வைத்து அதையேதான் சொன்னார். யாரோ அதைக் கதையாக எழுதி, உன் போட்டோவை மேலே போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். மூன்று குரூப்பிலிருந்து எனக்கே வந்தது. ஒவ்வொன்றுக்கும் கை கூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நீ அந்த வெற்றியைப் பார்க்கவே இல்லை, நைனா. அது எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. அந்த மேட்ச்சால் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டா, அரசு அலுவலகம், கிளார்க் உத்தியோகம். நீ எனக்காக வேண்டிக்கொண்டது அப்படியே. காலையில் அண்ணனூரில் எட்டரை மணி ரயிலைப் பிடிக்கிறேன். உட்கார இடம் கிடைப்பதில்லை, அதனால் என்ன, நிற்க எனக்குப் பழக்கம்தானே. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் தெரிந்தது. டீயில் சர்க்கரை போடாமல் குடிக்கிறாள், குடித்துவிட்டு என்னைத் திட்டுகிறாள். நீ உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பாயே, அந்தப் பழைய பெயிண்ட் பக்கெட், அதில் இப்போது துவைக்கிற துணியை ஊற வைக்கிறோம்.

ஆக, வேண்டுதல் பலித்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பலிக்காமல் போயிருந்தால் சாமியைத் திட்டிவிட்டு அழுது தீர்த்திருப்பேன். பலித்துவிட்ட வேண்டுதலை வைத்துக்கொண்டு நான் யாரைப் போய்த் திட்டுவது?

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். கிரிக்கெட்டில்தான். நீ அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாய். நான் கதவோரம் காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வரும். எழுந்தால் கத்துவாய்.

"எய்ந்துக்காத பாப்பா! விக்கெட்டு பூடும்! இந்த ஓவர் மட்டும்!"

அம்மா அடுப்படியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது. "நீ உள்ள போனதும்தான் சிக்ஸ் அட்சான். அங்கியே இரு செல்வி" என்பாய். "அப்ப உனுக்கு சோறு யாரு போடுவா? அந்த பேட்டு புட்சிக்கினு நிக்கிறானே அவனா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். நாம் இரண்டு பேரும் சிரிப்போம். ஆனால் அம்மா வெளியே வரமாட்டாள். அவளும் நம்பினாள். மூன்று பேரும் நம்பினோம். எந்த மேட்ச்சில் ஜெயித்தாலும் அது பேட்ஸ்மேனால் இல்லை, நாம் அசையாமல் இருந்ததால்.

சாமி விஷயத்தில் நீ எப்படி? ஒரு நாளும் கோவிலுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் பொரி வாங்கத்தான் வரிசையில் முதலில் நிற்பாய். அப்படிப்பட்ட நீ, நான் பத்தாம் வகுப்பு எழுதும்போது எப்படி மாறிப் போனாய்! அந்த மார்ச் மாதம் நம் பிள்ளையாருக்கு ஓவர்டைம். தட்டு நிறைய ஹால் டிக்கெட், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பேனாக்கள். குருக்கள் ஒவ்வொன்றின் மூலையிலும் குங்குமம் வைத்துக் கொடுத்தார். என் ஹால் டிக்கெட்டை நீயே உள்ளே எடுத்துக்கொண்டு போனாய். செருப்பை அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டேன்.

பரீட்சை நடந்த பள்ளிக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. கணக்குப் பரீட்சை அன்று நீ அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். எனக்குக் கணக்கு நன்றாக வந்துவிட்டது. அவ்வளவுதான். அறிவியலுக்கும் அதே தொட்டி, சமூக அறிவியலுக்கும் அதே தொட்டி. மற்ற பெற்றோர் எல்லாம் நிழல் தேடிப் போய்விட்டார்கள். நீ மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாய். வெளியே வந்து பார்த்தால் சட்டை முழுக்க உப்புப் பூத்திருக்கும். "நவுந்தா நீ எய்திக்கினு இருக்கிறது நின்னு பூட்டா இன்னா பண்றது?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. நிழலில் போய் நில் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கும் அங்கேயே நிற்பாய்தானே என்றுதான் கேட்டேன்.

வாலிபாலுக்கு வந்த பிறகு இது முற்றிவிட்டது. எங்கள் கிளப் டீமில் யாருக்குத்தான் இந்த நம்பிக்கை இல்லை? ஒருத்தி ஜெயித்த நாள் போட்ட சாக்ஸைத் தோற்கும்வரை துவைக்க மாட்டாள். அவள் பக்கத்தில் உட்கார மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் முதல் பந்துக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுத்தான் கொடுப்பார். பந்தை ஏற்றிக் கொடுக்கிற செட்டர் ரெஜினா எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து ஏசப்பாவிடம் பேசுவாள். ஜெபம் மாதிரியே இருக்காது, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்கிற மாதிரி இருக்கும். "ஏசப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடுத்துரு, அடுத்த வாரம் கேக்க மாட்டேன்" என்பாள். அடுத்த வாரமும் கேட்பாள். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுக் கழுத்துத் தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

அம்மா ஒரே ஒரு மேட்ச்சுக்கு வந்தாள். ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றோம்.  வீட்டுக்கு வந்து அவளாகவே, "என் ராசி சரியில்ல. நீங்க போய்ட்டு வாங்க. நான் ஊட்லயே கும்ட்டுக்கினு கீறேன்" என்றாள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் நான் விளையாடியதை அவள் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது நாம் அவளை வா என்று கூப்பிட்டோமா, நைனா? மைதானத்திலிருந்து நீதான் போனில் பாயிண்ட் சொல்வாய். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்வாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆவடி மைதானம். ஃபைனல். ஜெயித்தால் எனக்கும் ரெஜினாவுக்கும் வேலைக்கு வேண்டிய சர்ட்டிஃபிகேட். நீ ஷிஃப்ட் முடித்து வருவதற்குள் இரண்டு செட் தோற்றுவிட்டோம். வந்த வேகத்தில் மூலையில் கிடந்த ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாய். மூன்றாவது செட் எங்களுக்கு. நாலாவதும் எங்களுக்கு. செட்டுக்குச் செட் நாங்கள் பக்கம் மாறினோம், நீ மாறவில்லை. வெயில் நேராக உன் முகத்தில் அடித்தது. ரெஜினா என் காதில், "உங்க நைனா ஒக்காந்தாரு பாரு, மேட்சே திரும்பிடுச்சி" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

ஐந்தாவது செட் பதினைந்து பாயிண்ட்தான். எட்டில் பக்கம் மாறினோம், நான் உன் பக்கத்துக்கு வந்தேன். பத்துக்கு ஒன்பது என்று நாங்கள் மேலே இருந்தோம். அப்போது நீ எழுந்தாய். ஒரு கை நாற்காலிப் பிடியில், ஒரு கை நெஞ்சில். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அதே நேரம் எங்கள் பந்து நெட்டில் விழுந்தது. பத்துக்குப் பத்து.

நான் திரும்பிப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது உன் முகம். வேர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் நான் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, இரண்டு தடவை ஆட்டினேன். உக்காரு. உக்காரு.

நீ உட்கார்ந்தாய். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தாய்.

அதற்கப்புறம் பாயிண்ட் எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. பதினைந்துக்குப் பன்னிரண்டு. ரெஜினா தரையில் விழுந்து அழுதாள். மாஸ்டர் என்னைத் தூக்கிவிட்டார். நான் உன் பக்கம் பார்த்தேன். நீ தலையைக் குனிந்து, கை இரண்டையும் மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். நான் சர்வீஸ் போடும்போதெல்லாம் நீ அப்படித்தான் இருப்பாய். அதனால் யாரும் கிட்டே போகவில்லை. "சாமி கும்புட்றாரு, கலைக்காத" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மெடல் வாங்கி, போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் நான் வந்து உன் தோளைத் தொட்டேன்.

ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. மெடல் உன் கன்னத்தில் இடித்துக்கொண்டே வந்தது. கழற்றிப் போடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அம்மா வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். டாக்டர் வெளியே வந்து ஒரே கேள்விதான் கேட்டார். "வலி எப்பம்மா ஆரம்பிச்சுது?" நான் சுவரைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.  "ஒரு அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார்.

அந்தக் கையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவள் என் முகத்தில் முழிப்பாளா என்று பயந்தேன். அலுவலகத்தில் கோப்பில் முத்திரை குத்தும்போது அதே கைதான். சோறு பிசையும்போதும் அதே கைதான். நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம், நைனா.

இதற்கு நடுவில் அந்த நாற்காலி என்ன ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டும். மைதானத்துக்காரர்களிடம் கேட்டு மாஸ்டர் அதை எடுத்துவந்துவிட்டார். முதுகுப் பக்கம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எந்த மேட்ச்சுக்குப் போனாலும் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதை மூலையில் போட்டு, காலியாக வைத்து, ஒவ்வொருத்தியும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்குகிறாள். ரெஜினாவின் ஜெபத்தில் உன் பெயரும் வருகிறது. உன் பெயரைச் சொல்லிப் புதுப் பிள்ளைகள் ஆமென் போடுகிறார்கள். நீ யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. நான் தொடுவதில்லை. "அக்காவுக்கு நைனா நெனப்பு வந்துரும், வுடுங்க" என்று எனக்காக அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

போன மாதம் தொடர்ந்து இரண்டு மேட்ச் தோற்றோம். மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "சேர் காலியா கீறதாலதான்மா. உங்க வீட்டுக்காரரு எடத்துல நீங்க வந்து ஒக்காரணும். பசங்க வாழ்க்கைமா" என்று அம்மாவிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. ஐந்து வருடமாக ராசியில்லாதவள் என்று ஒதுங்கி இருந்தவளை வா என்று கூப்பிடுகிறார்களே! ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு தயாராகிவிட்டாள். "நீ ஆட்றத நான் பாக்க வேணாமாடி?" என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது செட் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கொஞ்சம் மேலே இருந்தோம். சர்வீஸ் என்னுடையது. பந்தைத் தட்டிக்கொண்டே பார்க்கிறேன், அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் எங்கே என்று பார்த்தாள். வலையருகே நின்ற கீர்த்தனா திரும்பிப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சேர இந்த மேட்ச்சைத்தான் நம்பியிருந்தாள்.

"ஆன்ட்டி! எய்ந்துக்காதீங்க ஆன்ட்டி! பாயிண்ட் பூடும்! ஒக்காருங்க!"

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி ஆட்டினாள். அம்மா உடனே உட்கார்ந்துவிட்டாள். தப்பு செய்துவிட்ட மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரெஃப்ரி விசில் அடித்துவிட்டார். எட்டு வினாடிக்குள் சர்வீஸ் போட வேண்டும். நான் பந்தைக் கீழே விட்டேன். அது உருண்டு போனது. கோட்டைத் தாண்டி நடந்தேன். மாஸ்டர் பெயர் சொல்லிக் கத்தினார், ரெஜினா கத்தினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். "இன்னாடி, இன்னாடி ஆச்சு, ஆட்டத்துல கீற" என்று அவள் பதறினாள். பிடித்த பிடியில் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் குடிக்க வைத்து, அங்கிருந்த வேப்பமரத்து நிழலில் நிறுத்தினேன். பிறகு சொன்னேன்.

"நான்தாம்மா ஒக்காரச் சொன்னேன். நைனா எய்ந்துட்டாரு. நெஞ்ச புட்சிக்கினு எய்ந்துட்டாரு. நான்தான் கையைக் காட்டி ஒக்காருன்னேன். பாயிண்டு போச்சுன்னு ஒக்காரச் சொன்னேம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். புடவையெல்லாம் நனைந்துவிட்டது.

"எனுக்கு போன் பண்ணாருடி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எப்போதும் பண்ணுவதுதானே என்று நினைத்தேன்.

"கடசி செட்டுல. பக்கம் மாறும்போது. நெஞ்சு ஒரு மாரி இஸ்துக்கினு கீது செல்வி, ஊட்டுக்கு வந்துரட்டான்னு கேட்டாரு."

"நீ இன்னாம்மா சொன்ன?"

அம்மா குழாயை மூடினாள். சரியாக மூடவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தினி பாயிண்ட்டுன்னு கேட்டேன்."

நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"எட்டு ஏழு, நம்ம மேலன்னாரு. அப்ப இருய்யா, இன்னும் கொஞ்ச நேரம்தான, நடுவுல எய்ந்துக்காதன்னேன். சரின்னாரு. அவ்ளோதான்டி நாங்க பேசுனது. அந்த டாக்டரு எப்ப வலி ஆரம்பிச்சுதுன்னு கேட்டாரே, எனுக்குத் தெரியும். எனுக்கு நிமிஷத்தோட தெரியும். வாயைத் தொறந்தா நீ என்னை வுட்டுப் பூடுவன்னு நின்னேன்."

பக்கத்துப் பக்கத்தில் நின்றோம், நைனா, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில். அவள் பயந்தது என்னை, நான் பயந்தது அவளை. பதினாலு மாதம் ஒரே வீட்டில் ஒருத்திக்கொருத்தி சோறு போட்டுக்கொண்டு, ஒருத்தி அழுதால் இன்னொருத்தி அடுத்த அறைக்குப் போய்க்கொண்டு இருந்தோம்.

நீ எங்களிடம் என்ன பெரிதாகக் கேட்டாய்? வீட்டுக்கு வரட்டுமா என்று அவளிடம் கேட்டாய். போகட்டுமா என்று கண்ணால் என்னிடம் கேட்டாய். உன் நெஞ்சு வலிக்கு நீ ஏன் எங்களிடம் அனுமதி கேட்டாய்? எழுந்து போயிருக்கக் கூடாதா? எனக்கு உன்மேல்கூடக் கோபம் வருகிறது. ராத்திரி பகலாக வருகிறது. அப்புறம், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பழக்கியது யார் என்று நினைத்துக்கொள்வேன். நீ எங்களைப் பழக்கினாய், நாங்கள் உன்னைப் பழக்கினோம். முதலில் யார் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் மைதானத்துக்குத் திரும்பியபோது மேட்ச் முடிந்திருந்தது. தோற்றுவிட்டோம். எனக்குப் பதிலாக இறங்கிய பெண் நன்றாகத்தான் ஆடினாளாம், ஆனால் பிள்ளைகளுக்குக் கால் ஓடவில்லை. எல்லோரும் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ரெஜினா என்னைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். கீர்த்தனா ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்குளுக்கு வேல கெட்ச்சிரிச்சிக்கா. எனுக்கு?" என்று கேட்டாள்.

 அவளிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அவள் அழுத அழுகையில் எனக்கு வாய் திறக்கவில்லை. நான் செய்தது சரிதான், ஆனால் அதற்குப் பலியானது அவள் சர்ட்டிஃபிகேட். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த நம்பிக்கை இப்போது இன்னும் கெட்டியாகிவிட்டது. எழுந்ததால்தானே தோற்றோம்! அடுத்த மாதம் இன்னொரு டோர்னமென்ட் வருகிறது. கீர்த்தனாவுக்கு அது கடைசி வாய்ப்பு. நாற்காலியில் இந்தத் தடவை அவள் அப்பாவை உட்கார வைக்கப் போகிறார்கள். பூந்தமல்லியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், உன் வயதுதான் இருக்கும். பிள்ளைக்காகத் தலைகீழாகக்கூட நிற்கிறேன் என்றாராம். நான் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நம்பிக்கைமா. அதுல மட்டும் கைய வெக்காத. உங்க நைனாவே அப்டிதான ஒக்காந்தாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எய்தி போடு" என்றாள். "அந்த வாட்ஸ்அப்புல போட்டாங்களே, அதுலயே போடு. உன் பேரையும் போடு, என் பேரையும் போடு. நான் எத்தினி பாயிண்ட்டுன்னு கேட்டத வுட்றாத." அதனால்தான் இது உனக்கு எழுதுகிற கடிதமாக இருந்தும் எல்லோரும் படிக்கிற கடிதமாக இருக்கிறது. கீர்த்தனாவும் படிப்பாள். அவள் அப்பாவும் படிக்கட்டும்.

பிள்ளையாரிடம் யாரும் ஹால் டிக்கெட்டை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரெஜினா ஏசப்பாவிடம் பேசட்டும், அவளுக்கு அது தெம்பு. கேட்பது சாமியிடம் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனின் உடம்பை அதில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

இனி யாராவது என்னிடம் வந்து கொடுத்து வைத்த சாவு என்றால் கை கூப்ப மாட்டேன். அவர் எழுந்து வீட்டுக்கு வரப் பார்த்தார், நாங்கள் இரண்டு பேரும் அவரை உட்கார வைத்தோம் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த மாதம் அந்த மேட்ச்சில் நான் ஆடப் போவதில்லை. மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நானும் அம்மாவும் நிற்போம். கடைசி செட்டாக இருந்தாலும் சரி, கடைசி பாயிண்ட்டாக இருந்தாலும் சரி. அந்த மனிதர் எழுந்தால், கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போவோம், நைனா. எத்தனை பாயிண்ட் என்று கேட்க மாட்டோம்.

உன்னை உட்காரச் சொன்ன உன் மகள்,
பவானி